செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போகாதே

கானா நாட்டுக் கடற்கரையில் பெரும்பாலான மீனவ ஊர்களில் செவ்வாய்க்கிழமை யாரும் படகைக் கடலில் இறக்க மாட்டார்கள். கிழிந்த வலையைச் சரிபார்ப்பது, கூலிக் கணக்கைத் தீர்ப்பது, வழக்கு பேசுவது எல்லாம் அன்றைக்குத்தான். கேட்டால், கடல் இன்று ஓய்வெடுக்கிறது என்பார்கள். ஃபான்டே மக்களுக்குக் கடல் ஒரு தெய்வம், பெயர் பொசொம்போ. ஞாயிறு தோறும் தேவாலயத்தில் முதல் வரிசையில் உட்காருகிற மீனவர்கூட, அந்தத் தெய்வத்தை நம்புகிறாயா என்று கேட்டால் சிரித்து மழுப்புவார், ஆனால் செவ்வாய்க்கிழமை படகை இறக்க மாட்டார்.

அகான் மக்களின் தெய்வங்களைப் பற்றிக் கொஞ்ச காலமாகக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். இணையத்தில் தேடினால் வருவது பெரும்பாலும் பட்டியல்தான். நியாமே வானத்தின் கடவுள், அசாசே யா பூமித்தாய், தானோ நதிக்கடவுள், அனன்சி தந்திரக்கார சிலந்தி, சசபொன்சம் வௌவால் சிறகுள்ள அரக்கன், அவ்வளவுதான். பக்கத்தில் வீடியோ கேமில் வருகிற மாதிரி புடைத்த தசையோடு ஒரு படம் வேறு. கிரேக்கக் கடவுள்களுக்குச் செய்து வைத்த அச்சை எடுத்து அதிலேயே இவர்களையும் ஊற்றிவிடுகிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும். ஏனென்றால் படிக்கப் படிக்க எனக்குப் பட்டது இதற்கு நேர் எதிரானது: அகான் தெய்வங்களில் பெரும்பாலானவற்றுக்கு முகமே கிடையாது. ஒரு தெய்வம் யார் என்று தெரிந்துகொள்ள அது எப்படி இருக்கும் என்று கேட்டுப் பயனில்லை, அது எதைச் செய்யாதே என்கிறது என்று கேட்க வேண்டும்.

முதலில் அகான் என்றால் யார் என்று சொல்லிவிடுகிறேன். கானாவின் தென்பாதியிலும் பக்கத்து ஐவரி கோஸ்டின் கிழக்கு, நடுப்பகுதிகளிலும் வாழ்கிற, நெருங்கிய மொழிகள் பேசுகிற பல இனக்குழுக்களுக்குப் பொதுப்பெயர் அது. அசாந்தே, ஃபான்டே, போனோ, அச்செம், அகுவாபெம், பவுலே எல்லாம் இதில் அடக்கம். நாம் அஷாந்தி என்று ஆங்கிலேயர் வழியாகக் கேள்விப்பட்டது அசாந்தேயைத்தான். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் குமாசியைத் தலைநகராக வைத்து எழுந்த அரசு அது. சொத்தும் குலமும் தாய்வழியில் போகும். பிறந்த கிழமையே பெயராக வரும்: வெள்ளிக்கிழமை பிறந்த பையன் கோஃபி, சனிக்கிழமை பிறந்தவன் குவாமே. ஐநா பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் வெள்ளிக்கிழமைப் பிள்ளை, கானாவின் முதல் அதிபர் குவாமே நுக்ருமா சனிக்கிழமைப் பிள்ளை. இந்தக் கிழமை வழக்கம் தெய்வங்களையும் விடுவதில்லை.

வானத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். நியாமே, ஒன்யாமே, ஒன்யான்கோபோன் என்று பல பெயர்கள், எல்லாம் ஒருவரே. அவர் சனிக்கிழமைக்காரர், அதனால் ஒன்யான்கோபோன் குவாமே. எல்லாவற்றுக்கும் மேலான அவருக்குப் பெரிய கோயில்கள் கிடையாது. இருந்தது என்னவென்றால், பழைய அசாந்தே வீடுகளின் முற்றத்தில் நட்டு வைத்த ஒரு கவட்டுக் கிளை. அந்த மரத்துக்கே நியாமேயின் மரம் என்றுதான் பெயர். கவட்டில் ஒரு சட்டி, அதில் மழைத்தண்ணீர், சில வீடுகளில் உள்ளே ஒரு கல்கோடரியும் கிடக்கும். கற்கால மனிதர்கள் செய்துபோட்ட கோடரிகள் மழையில் மண் அரித்து வெளியே வரும்போது, அவை இடியோடு வானத்திலிருந்து விழுந்த நியாமேயின் கோடரிகள் என்று நம்பினார்கள். வீட்டுக்காரர் அந்தத் தண்ணீரைக் குடும்பத்தார் மேல் தெளிப்பார். பூசை அவ்வளவுதான், பூசாரி தேவையில்லை. நியாமேக்குக் கோயிலே இருந்ததில்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. கோல்ட் கோஸ்ட் (ஆங்கிலேயர் ஆட்சியில் கானாவுக்கு அதுதான் பெயர்) அரசாங்கத்தின் மானுடவியல் அதிகாரியாக இருந்த ராட்ரே என்கிற பிரிட்டிஷ்காரர், 1920களில் நியாமேயின் பழைய கோயில்களையும் பூசாரிகளையும் பற்றி எழுதி வைத்திருக்கிறார். ஆனாலும் அவை அபூர்வம்.

மதுவைத் தரையில் ஊற்றி வேண்டுகிற சடங்கு அங்கே எல்லா நல்லது கெட்டதுக்கும் உண்டு. அதில் முதலில் நியாமேயின் பெயரைச் சொல்வார்கள், கோப்பையை வானத்தை நோக்கித் தூக்குவார்கள், 'உனக்குக் காட்டுகிறோம், கொடுக்கவில்லை' என்பார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. எல்லாம் அவருடையதாக இருக்கும்போது அவருக்கு நாம் எதைக் கொடுப்பது? காட்டிவிட்டுக் கீழே இறக்கி, பூமிக்கும் முன்னோருக்கும் ஊற்றுவார்கள்.

நியாமே ஏன் இவ்வளவு தள்ளி இருக்கிறார் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. ஆதியில் வானம் கைக்கெட்டும் உயரத்தில்தான் இருந்ததாம். ஒரு கிழவி தினமும் ஃபுஃபு இடிப்பாள். வேகவைத்த கிழங்கையும் வாழைக்காயையும் உரலில் போட்டு நீளமான உலக்கையால் குத்திப் பிசைந்தெடுப்பதுதான் ஃபுஃபு, அந்த மக்களின் அன்றாடச் சாப்பாடு. உலக்கையைத் தூக்குகிறபோதெல்லாம் அது நியாமேயை இடித்தது. அவர் சொல்லிப் பார்த்தார், அவள் கேட்கவில்லை, அவர் மேலே மேலே போய்விட்டார். போனவரைத் திரும்பப் பிடிக்க வேண்டும் என்று கிழவி ஊரிலுள்ள உரல்களையெல்லாம் பிள்ளைகளை விட்டுக் கொண்டுவரச் சொல்லி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். இன்னும் ஒரே ஓர் உரல் இருந்தால் எட்டிவிடும், ஆனால் ஊரில் வேறு உரல் இல்லை. அடியில் இருப்பதை உருவி மேலே வை என்றாள் கிழவி. பிள்ளைகள் உருவினார்கள், எல்லாம் சரிந்து பல பேர் செத்தார்கள். இதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்கிறார்கள், பாவ புண்ணியம் எதுவும் இதில் இல்லை. மனிதர்கள் மேல் கோபித்துக்கொண்டு கடவுள் சாபம் எதுவும் கொடுக்கவில்லை, பக்கத்து வீட்டு இரைச்சல் தாங்காமல் வீடு மாறுகிறவர் மாதிரி போய்விட்டார்.

படைப்பாளியாக அவரைச் சொல்லும்போது ஒதோமான்கோமா என்று இன்னொரு பெயர் வரும். அவரைப் பற்றிய ஒரு சொலவடை, ஒதோமான்கோமா மரணத்தைப் படைத்தார், மரணம் அவரையே கொன்றது என்கிறது. பேச்சின் ஏற்ற இறக்கத்தை ஒலியால் காட்டுகிற பேசும் மேளங்களில் வாசிக்கிற ஒரு பழைய பாட்டு, அவர் முதலில் எதைப் படைத்தார் என்று கேட்டுவிட்டு, அரசவைக் கட்டியக்காரனைப் படைத்தார், மேளக்காரனைப் படைத்தார், தலைவெட்டும் ஆளைப் படைத்தார் என்று வரிசை சொல்கிறது. வாசிக்கிறவனே மேளக்காரன் என்பதால் தன் ஆளுக்கு இரண்டாவது இடம் போட்டுக்கொண்டான் என்று நினைத்துக்கொள்வேன்.

அடுத்தது பூமி, அசாசே யா, வியாழக்கிழமைக்காரி. ஃபான்டேக்களுக்கு அவள் வெள்ளிக்கிழமைக்காரி, அசாசே எஃபுவா. இந்த ஒரு நாள் வித்தியாசத்தை யாரும் தகராறாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அவளுக்குச் சிலை இல்லை, கோயில் இல்லை, குறி சொல்லும் பூசாரியும் இல்லை. பூமி குறி சொல்லும் தெய்வம் அல்ல என்று ஒரு பழமொழியே இருக்கிறது. அப்படியானால் அவளை எப்படித் தெரிந்துகொள்வது? அவள் தடுப்பதை வைத்துத்தான். அவளுடைய நாளில் மண்ணை வெட்டக்கூடாது, வயலில் வேலை செய்யக்கூடாது. மனித ரத்தம் மண்ணில் சிந்தக்கூடாது. வெட்டவெளியில், காட்டில், ஆணும் பெண்ணும் கூடக்கூடாது, கூடினால் ஆடு வெட்டி மண்ணைச் சாந்தப்படுத்த வேண்டும். குழி தோண்டுவதற்கு முன்னால், உன் பேரப்பிள்ளை ஒருவனை உன்னிடம் படுக்கவைக்கப் போகிறோம், அனுமதி கொடு என்று மது ஊற்றிக் கேட்க வேண்டும். பூமியே, சாகும்போதும் உன்மேல்தான் சாய்கிறேன், உயிரோடிருக்கும்போதும் உன்மேல்தான் சாய்ந்திருக்கிறேன் என்ற பொருளில் மேளத்தில் வாசிப்பார்கள்.

இந்த இருவருக்கும் கீழேதான் 'தெய்வங்கள்' என்று பன்மையில் சொல்லத்தக்கவை வருகின்றன. ஒருமையில் ஒபோசொம், பன்மையில் அபோசொம். பெரும்பாலும் தண்ணீர்த் தெய்வங்கள்: ஆறு, ஏரி, கடல். சில பாறைகளும் உண்டு. இவர்கள் நியாமேயின் பிள்ளைகள். எல்லோரிலும் பெரியவர் தானோ, கானாவின் மேற்குப் பகுதியில் ஓடுகிற ஆறு. அவருக்கும் அவர் அண்ணன் பியாவுக்கும் நடந்த பாகப்பிரிவினைக் கதை ஒன்று உண்டு. பியா சொன்ன பேச்சுக் கேட்கிற மூத்த பிள்ளை, அவனுக்குத்தான் வளமான நிலத்தைக் கொடுக்க வேண்டும் என்று நியாமேக்கு எண்ணம். தகவல் சொல்ல அனுப்பிய ஆட்டுக்குத் தானோவைப் பிடிக்கும், அது நேரே போய் விஷயத்தை உடைத்துவிட்டது. தானோ மறுநாள் விடியற்காலையிலேயே அண்ணன் மாதிரி வேடம் போட்டுக்கொண்டு போய் நல்ல நிலத்தை வாங்கிவிட்டான். வயதான நியாமேக்கு ஆள் தெரியவில்லை. நடந்தது தெரிந்த பிறகும் கொடுத்தது கொடுத்ததுதான். அதனால்தான் தானோ பாய்கிற அசாந்தே பக்கம் செழிப்பு, பியா பாய்கிற ஐவரி கோஸ்ட் பக்கம் வறட்சி என்று கதை முடிகிறது. யார் பக்கத்திலிருந்து சொல்லப்பட்ட கதை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு ஒபோசொம் ஊருக்கு வருகிற விதமும் சுவாரசியமானது. யாரோ ஒருவருக்குத் திடீரென்று அருள் வரும், காட்டுக்குள் ஓடுவார், என்னென்னவோ பேசுவார். மூத்த பூசாரி ஒருவர் வந்து, வந்திருப்பது எந்தத் தெய்வம், அதற்கு எது ஆகும், எது ஆகாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பித்தளைப் பாத்திரம் ஒன்றில் மண்ணும் வேரும் இலையும் இன்னும் சிலவும் வைத்து அதில் தெய்வத்தைத் தங்கவைப்பார். ஆள் மூன்று வருடம் போல பயிற்சி எடுத்துப் பூசாரியாவார். அதற்கப்புறம் அவர் உடம்பில் வெள்ளைக் களிமண் பூசி, மேளத்துக்கு ஆடி, அருள் வந்து குறி சொல்வார். அவர் பேசுவது புரியாது என்பதால், எடுத்துச் சொல்ல ஒருவர் கூடவே நிற்பார். குமாசியைச் சுற்றி இப்படிப்பட்ட பத்துக் கோயில் வீடுகள் மிஞ்சியிருக்கின்றன, 1980இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. எஜிசு பக்கத்தில் பெசேயாசேயில் இருப்பது பலரும் போய்ப் பார்ப்பது. நடுவில் முற்றம், சுற்றி நான்கு கட்டடம், ஒன்று மேளக்காரர்களுக்கு, ஒன்று பாடுகிறவர்களுக்கு, ஒன்று சமையலுக்கு, ஒன்று மட்டும் தெய்வத்துக்கு. முக்கால் கோயிலை ஆட்டம் பாட்டம் சாப்பாட்டுக்கு ஒதுக்கியவர்களை எனக்குப் பிடித்துப் போகிறது.

இதில் கறாரான ஒரு பக்கமும் இருக்கிறது. ஒபோசொம் உதவ வேண்டும், உதவாவிட்டால் விட்டுவிடுவார்கள். மழை வரவில்லை, பிள்ளை பிழைக்கவில்லை, குறி பொய்த்துக்கொண்டே இருக்கிறது என்றால் கூட்டம் குறையும், பூசாரிக்கு வாரிசு வரமாட்டார், தெய்வம் அப்படியே மறந்துபோகும். அகான் சிந்தனையைப் பற்றி எழுதுகிற கானா தத்துவ அறிஞர்களே, இதை வழிபாடு என்று சொல்வதே பொருந்துமா என்று கேட்டிருக்கிறார்கள். மருத்துவரிடம் போவதற்கும் அபோசொமிடம் போவதற்கும் மனநிலையில் பெரிய வித்தியாசம் இல்லை என்பது அவர்கள் வாதம். எனக்கும் அது சரியென்றே படுகிறது, ஒன்றைத் தவிர: வைத்தியர் வாரத்தில் ஒரு நாள் ஆற்றைத் தொடாதே என்று ஊர் முழுவதற்கும் உத்தரவு போட மாட்டார்.

உத்தரவு என்றால் பொசொம்ட்வே ஏரியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. குமாசிக்குத் தென்கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில், கிட்டத்தட்ட வட்டமாக, சுற்றிலும் காடும் குன்றும் சூழ்ந்த ஏரி. சுமார் 10 லட்சத்து 70 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் விண்கல் விழுந்து உண்டான பள்ளம், குறுக்களவு பத்தரைக் கிலோமீட்டர். அந்த மோதலில் உருகித் தெறித்த கண்ணாடித் துண்டுகள் ஐவரி கோஸ்ட் வரை போய் விழுந்து கிடக்கின்றன. அசாந்தேக்கள் சொல்கிற வரலாறு வேறு. 1648இல் அகோரா பொம்பே என்கிற வேட்டைக்காரர் தன் நாயோடு ஒரு மானைத் துரத்தி வந்தார், காயம்பட்ட மான் ஒரு சின்னக் குட்டைக்குள் மறைந்தது, குட்டை மானைக் காப்பாற்றிவிட்டது, அதில் மீன் நிறைய இருந்ததால் அவர் அங்கேயே குடியேறினார். ஏரியின் தெய்வம் ட்வே. செத்துப்போகிற அசாந்தேயின் ஆவி இங்கே வந்து ட்வேயிடம் விடைபெற்றுவிட்டுத்தான் போகும்.

ட்வேயின் கட்டளை, இரும்பு என் தண்ணீரைத் தொடக்கூடாது என்பது. வழக்கமான மரப்படகும் கூடாது. அதனால் மீனவர்கள் தடிமனான ஒற்றைப் பலகையின் மேல் குப்புறப் படுத்தோ உட்கார்ந்தோ, கையால் துழாவிக்கொண்டே போய் வலை போடுவார்கள். இந்தப் பலகைக்குப் படுவா என்று பெயர். மீன்பாடு குறைந்தால் கரையோரத்துப் புனிதப் பாறையில் பலி கொடுப்பார்கள். ஏரியின் அடியில் மக்கிய இலைதழைகளிலிருந்து வாயு சேர்ந்து எப்போதாவது குபீரென்று மேலே வரும், நாற்றம் அடிக்கும், மீன்கள் செத்து மிதக்கும், மக்கள் கூடையோடு ஓடுவார்கள். தெய்வம் வெடிமருந்து கொளுத்துகிறார் என்று அதற்குப் பெயர். 2016இல் யுனெஸ்கோ ஏரிப்பகுதியை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. இப்போது அபோனோ ஊர்க் கரையில் சுற்றுலாக்காரர்களுக்கு மோட்டார் படகு ஓட்டுகிறார்கள், பக்கத்திலேயே பலகையில் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு உதாரணம் போபெங், ஃபியேமா என்ற இரட்டை ஊர்கள், போனோ மக்களுடையவை. அங்கே குரங்குகள் தெய்வத்தின் பிள்ளைகள். கொல்லக்கூடாது, விரட்டக்கூடாது, செத்தால் சவப்பெட்டி வைத்து அடக்கம் செய்ய வேண்டும், அதற்கென்று தனி இடுகாடே இருக்கிறது. 1970களில் அந்தப் பக்கம் பரவிய ஒரு கிறிஸ்தவப் பிரிவினர், குரங்கு தெய்வமா என்று கேட்டுச் சுட ஆரம்பித்ததும், ஊர்க்காரர்கள் அரசாங்கத்திடம் போய், 1975இல் குரங்குகளைக் கொல்லத் தடை போடவைத்தார்கள். தெய்வத்தின் உத்தரவு அரசாங்க உத்தரவாக மாறிய இடம் அது. சுற்றுவட்டாரத்தில் எங்கும் காடு கரைந்துவிட்டது, அந்த இரண்டு ஊர்களுக்கு நடுவில் மட்டும் மரங்கள் நிற்கின்றன, வீட்டுக் கூரைமேல் குரங்குகள் ஓடுகின்றன. அகான் தெய்வங்கள் சூழலியல்வாதிகள் என்று இதை வைத்துச் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அந்த வியாக்கியானம் பிடிப்பதில்லை. ட்வே இரும்பை வெறுப்பதற்கு அவரிடம் கேட்டால் அவர் காரணம் சொல்லப்போவதில்லை.

காட்டுக்குள் போவோம். அகான் நாடு என்பதே ஒரு காலத்தில் பெருங்காடு, ஊர் என்பது அதில் வெட்டிய ஒரு சின்னத் திறப்பு. ஊர் எல்லையைத் தாண்டியதும் விதிகள் மாறிவிடும். ம்மோஅத்தியா என்கிற குட்டி மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள். முழங்கால் உயரம்கூட இருக்காது, பாதம் பின்பக்கம் திரும்பியிருக்கும், பேச்சு கிடையாது, சீட்டியடித்துத்தான் பேசிக்கொள்வார்கள். காலடித் தடத்தைப் பார்த்துத் தொடர்ந்து போனால் அவர்கள் வந்த இடத்துக்குத்தான் போய்ச் சேருவோம். கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று மூன்று வகை, கறுப்புகள் சாது, மற்ற இரண்டும் சேட்டை பிடித்தவை. ஆனால் அவர்களுக்குத்தான் எல்லா மூலிகையும் தெரியும். பெரிய வைத்தியர் ஒருவரைப் பற்றிக் கேட்டால், அவர் இளவயதில் காட்டில் காணாமல் போனார், ம்மோஅத்தியா கூட்டிப்போய்க் கற்றுக்கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள் என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

சசபொன்சம் இன்னொரு ரகம். உடம்பெல்லாம் நீள முடி, ரத்தம் கட்டிய பெரிய கண்கள், நீளமான கால்கள், பாதம் முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். மிக உயரமான ஒதும் மரத்தின் அல்லது இலவ மரத்தின் கிளையில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டிருக்கும், அடியில் போகிற வேட்டைக்காரனை அந்தக் காலாலேயே கொக்கி போட்டு மேலே தூக்கிவிடும். சிலர் இரும்புப் பல் என்பார்கள், சிலர் வௌவால் சிறகு என்பார்கள். இணையப் படங்களில் வருவது அந்தச் சிறகுதான், தொங்குகிற காலை யாரும் வரைவதில்லை. எனக்கென்னவோ அந்தக் கால்தான் பயங்கரம். மேலே பார்க்காமல் நடக்கிறவனுக்குக் கொடியும் காலும் ஒன்றுபோலத்தான் தெரியும். போகக்கூடாத நாளில் காட்டுக்குப் போனவன் கதைகளில் இந்த இரண்டு கூட்டத்தில் ஏதாவது ஒன்று கட்டாயம் வரும். மிஷனரிகள் பைபிளை அகான் மக்கள் பேசுகிற ட்வி மொழிக்குக் கொண்டுவந்தபோது சாத்தானைக் குறிக்க இந்தப் பெயரின் பின்பாதியை எடுத்துக்கொண்டார்கள், மரத்தில் உட்கார்ந்திருந்தது பாவம், நரகத்துக்கு இடம்பெயர வேண்டியதாயிற்று.

ஆனால் அசாந்தேக்கள் உண்மையிலேயே பயந்தது காட்டை அல்ல என்று நினைக்கிறேன். ஒபாயிஃபோ, அதாவது சூனியக்காரி, சில சமயம் சூனியக்காரன், காட்டில் இல்லை, வீட்டில் இருப்பவள். ராத்திரியில் உடம்பைப் படுக்கையில் விட்டுவிட்டு வெளிச்சமாகப் பறப்பாள், பிள்ளைகளின் ரத்தத்தையும் பயிரின் சாற்றையும் உறிஞ்சுவாள். முக்கியமான விஷயம், அவளால் தன் தாய்வழிக் குடும்பத்தாரைத்தான் பிடிக்க முடியும், வெளியாள் மேல் சக்தி செல்லாது. உன்னைக் கடிக்கிற பூச்சி உன் துணிக்குள்தான் இருக்கிறது என்பது அவர்கள் பழமொழி. 1879இல் டெட்டே குவார்ஷி கோகோ விதைகளைக் கொண்டுவந்து நட்டார் என்பார்கள், 1911 வாக்கில் உலகத்திலேயே அதிகம் கோகோ விளைவிக்கிற நாடு கோல்ட் கோஸ்ட்தான். கையில் காசு புழங்க ஆரம்பித்தது, தோப்பை உழைத்து வளர்த்தவன் மகன், வாரிசாக வருகிறவன் அக்கா மகன் என்ற நிலையில் குடும்பத்துக்குள் புகைச்சல் கிளம்பியது. அதே காலத்தில்தான் சூனியக்காரிகளைக் கண்டுபிடிக்கிற புதுப்புதுக் கோயில்கள் ஊர் ஊராகப் பரவின. அபெரேவா என்ற ஒன்று எவ்வளவு வேகமாகப் பரவியது என்றால், 1908இல் ஆங்கிலேய அரசு அதைத் தடைசெய்தது. அது போனதும் இன்னொன்று வந்தது. வயதான, பிள்ளையில்லாத, ஆதரவில்லாத பெண்கள் இதில் பட்ட பாட்டைப் படிக்கும்போது, இதையெல்லாம் புராணம் என்ற தலைப்பில் ரசித்துக்கொண்டிருக்க முடியவில்லை.

முன்னோர்களைப் பற்றிக் கொஞ்சம். செத்தவர்கள் எல்லோரும் முன்னோராகிவிட முடியாது. வயது வந்து, பிள்ளை பெற்று, ஒழுங்காக வாழ்ந்து, நல்ல சாவு செத்திருக்க வேண்டும். விபத்து, தற்கொலை என்று போனவர்களுக்கு அந்த வரிசையில் இடமில்லை. மறுவுலகத்துக்குப் போக முடியாமல் ஊரைச் சுற்றுகிற பேய்களும் உண்டு. நல்லபடியாகப் போன தலைவர்களின் மரமுக்காலிகளைப் புகைக்கரியும் முட்டைக் கருவும் பூசிக் கறுப்பாக்கி ஓர் அறையில் வைப்பார்கள். ஆறு நாள் வாரமும் ஏழு நாள் வாரமும் ஒன்றின்மேல் ஒன்று ஓடுகிற அவர்களது நாட்காட்டியில் 42 நாளுக்கு ஒருமுறை சுற்று முடியும், அந்தச் சுற்றில் வருகிற ஞாயிறு அக்வாசிதாயே. அன்று முன்னோருக்குச் சாப்பாடும் மதுவும் படைப்பார்கள், குமாசியின் மன்ஹியா அரண்மனையில் இன்றும் நடக்கிறது.

தங்க முக்காலியின் கதையும் இதோடு சேர்ந்தது. 1700ஐ ஒட்டிய காலம். ஒகோம்ஃபோ அனோச்சே என்கிற பூசாரி வானத்திலிருந்து ஒரு முக்காலியை இறக்கி அசாந்தே மன்னர் ஒசேய் டூட்டுவின் மடியில் அமர்த்தினார், அசாந்தே இனத்தின் ஆவி முழுவதும் அதில்தான் இருக்கிறது என்றார். வந்தது வெள்ளிக்கிழமை, அதனால் முக்காலிக்கும் மனிதரைப் போலப் பெயர், கோஃபி. அதன்மேல் யாரும் உட்காரக்கூடாது, மன்னரும்தான். தரையைத் தொடக்கூடாது, அதற்கென்று தனி நாற்காலி. 1900 மார்ச் 28ஆம் தேதி ஆங்கிலேய அரசின் கவர்னர் ஹாட்ஜ்சன் குமாசிக்கு வந்து, மகாராணியின் பிரதிநிதியாகிய நான் உட்கார அந்த முக்காலி ஏன் கொண்டுவரப்படவில்லை என்று கேட்டார். மன்னர் பிரெம்பேயை ஏற்கெனவே நாடு கடத்தியாகிவிட்டது. கூட்டம் பேசாமல் கேட்டுக்கொண்டது, கலைந்தது, சில நாட்களில் எஜிசுவின் ராணித்தாய் யா அசாண்டேவா தலைமையில் போர் மூண்டது, கவர்னர் கோட்டைக்குள் அடைபட்டு ஜூனில்தான் தப்பித்துப் போனார். போரில் அசாந்தேக்கள் தோற்றார்கள், யா அசாண்டேவாவைச் சேஷெல்ஸ் தீவுக்கு அனுப்பினார்கள், 1921இல் அங்கேயே இறந்தார். ஆனால் முக்காலி ஆங்கிலேயர் கையில் கிடைக்கவே இல்லை. 1920 வாக்கில் சாலை போட்டவர்கள் புதைத்து வைத்த இடத்தில் அதைக் கண்டு, தங்கத்தைப் பிய்த்து விற்றபோது, குமாசியே துக்கத்தில் ஆழ்ந்தது. அதற்குள் ஆங்கிலேயருக்கும் புத்தி வந்திருந்தது, அதை நாங்கள் தொட மாட்டோம் என்று எழுதிக் கொடுக்காத குறையாக ஒதுங்கிக்கொண்டார்கள்.

அதே அனோச்சே தரையில் குத்திய வாள் என்று ஒன்று குமாசியில், அவர் பெயரில் இருக்கும் பெரிய மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை உருவக்கூடாது, உருவினால் அசாந்தே கலைந்துபோகும். அவருடைய கடைசியும் ஒரு தடையில்தான் முடிகிறது: மரணத்துக்கு மருந்து தேடிப் போகிறேன், நான் வரும்வரை யாரும் அழக்கூடாது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். நாட்கள் போயின, பொறுக்க முடியாமல் சனங்கள் அழுதுவிட்டார்கள், மருந்து வரவில்லை.

ஐவரி கோஸ்ட் பக்கம் பவுலே மக்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனசில்லை. ஒவ்வொருவருக்கும் பிறக்கும் முன்பே மறுவுலகத்தில் ஒரு கணவனோ மனைவியோ உண்டு. இங்கே கல்யாணம் சரியாக அமையவில்லை, பிள்ளை இல்லை, பணம் தங்கவில்லை என்றால், அங்கே இருப்பவருக்குக் கோபம் என்று குறிசொல்பவர் சொல்வார். அவர் உருவத்தை அழகாகச் செதுக்கி வீட்டில் வைத்து, எண்ணெய் பூசி, சாப்பாடு வைத்து, வாரத்தில் ஓர் இரவு அவருக்கென்று தனியாகப் படுக்க வேண்டும். இந்த உலகத்து மனைவி அன்றைக்கு வேறு அறையில். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் நிற்கிற அழகான பவுலே சிலைகளில் பல இப்படி யாரோ ஒருவருடைய வீட்டுக்காரரோ வீட்டுக்காரியோதான்.

கடைசியாக அனன்சி, முழுப்பெயர் குவாக்கு அனன்சே, புதன்கிழமைக்காரன். சிலந்திக் கடவுள் என்று எல்லாப் பட்டியலிலும் இருக்கிறான், ஆனால் அவனை யாரும் கும்பிட்டதில்லை. அவனுக்குப் பூசாரியும் இல்லை, தடையும் இல்லை, இருப்பதை உடைப்பதுதான் அவன் வேலை. உலகத்துக் கதைகளெல்லாம் நியாமேயிடம்தான் இருந்தன. விலைக்குக் கொடு என்றான் அனன்சே. மலைப்பாம்பு, சிறுத்தை, குளவிக் கூட்டம், ஒரு ம்மோஅத்தியா, நான்கையும் உயிரோடு கொண்டுவா என்றார். அரசர்களே முயன்று தோற்ற விலை. இவன் தலையாட்டிவிட்டு, கூடவே என் அம்மாவையும் தருகிறேன் என்றான், யாரும் கேட்காமலேயே. அப்புறம் மனைவி அசோவிடம் போய் யோசனை கேட்டான். கதை முழுக்க யோசனை அவளுடையது, பெயர் இவனுக்கு. மலைப்பாம்பிடம், நீ நீளமா இந்தக் கம்பு நீளமா என்று எங்களுக்குள் பந்தயம் என்று சொல்லிப் படுக்கவைத்துக் கட்டினான். குளவிகள் மேல் தண்ணீரைக் கொட்டி, மழை வந்துவிட்டது, இந்தச் சுரைக்குடுக்கைக்குள் வாருங்கள் என்றான். சிறுத்தைக்குக் குழி வெட்டினான். ம்மோஅத்தியாவுக்கு, மரப்பால் பூசிய ஒரு பொம்மையை மசித்த கிழங்கோடு உட்காரவைத்தான். வந்தவள் சாப்பிட்டுவிட்டு நன்றி சொன்னாள், பொம்மை பதில் பேசவில்லை, கோபத்தில் அறைந்தாள், கை ஒட்டிக்கொண்டது. அடிமைக் கப்பல்களில் போன மக்களோடு இவனும் கடல் தாண்டினான். ஜமைக்காவில் இன்றும் அனன்சி, சுரினாமிலும் அனன்சி, கியூரசாவில் நான்சி.

இந்தக் கதைகளை இருட்டிய பிறகுதான் சொல்ல வேண்டும், அதுவும் ஒரு தடைதான். தொடங்கும்போது கதைசொல்லி, நாங்கள் சொல்லப்போவது நிஜமென்று சொல்லவில்லை, சொல்லவில்லை என்று முன்ஜாமீன் வாங்கிக்கொள்வார். அதற்கப்புறம் தலைவரைக் கிண்டலடிக்கலாம், பூசாரியை நடித்துக்காட்டலாம், நியாமேயையே ஏமாளியாக்கலாம். பகலில் வாய் திறக்க முடியாத அத்தனையும் அங்கே பேசப்படும். பட்டியல் போடுகிறவர்கள் அவனைத் தானோவுக்கும் ட்வேக்கும் பக்கத்தில் ஒரே வரிசையில் வைக்கும்போது இந்த வித்தியாசம்தான் காணாமல் போகிறது.

பட்டியல்களைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், தேடிப் போகிறவர்களுக்கு உதவும். அகான் தெய்வங்கள் என்ற தலைப்பில் மாவு, லிசா என்ற பெயர்களைப் பார்த்தால் அவை பெனின் நாட்டு ஃபோன் இன மக்களுடையவை. மின்மினியாக மாறி ரத்தம் குடிக்கிற அட்சே என்கிற ஆவி, கானாவின் கிழக்கே வாழ்கிற எவே இன மக்களுடையது, ஒபாயிஃபோவோடு குழப்பி எழுதியிருப்பார்கள். நியாமே, ஒன்யாமே, ஒன்யான்கோபோன் மூன்றையும் மூன்று கடவுள்களாக எண்ணி வைத்த பக்கத்தையும் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு பக்கம் கிடைத்தால் படத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள்.